கலபாருக்கு ஓர் ஆசனம்

மருந்துப் பெட்டியும் இறுக்கக் காலுறையும் கையாளத் தெரிந்தால் வீட்டுப் பராமரிப்பு வேலை பார்த்துவிடலாம் என்று நம்பி இதில் விழுந்த என் சக அவதிக்காரர்களே, நானும் அப்படி நம்பி விழுந்தவள்தான். ஒஸ்லோவில் ஸ்டோவ்னர் பக்கம் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கிறேன். வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் என்று கைபேசியில் அட்டவணை வரும். ரொம்மனில் ஐந்தாம் மாடியில் இருந்த ஒகோன் வீட்டில் மட்டும் அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கு ஒருநாளும் போதவில்லை.

தாளில் இடமில்லை

ஒகோன் நைஜீரியாவில், கலபார் என்ற துறைமுகப் பட்டினத்தில் சரித்திரம் படிப்பித்தவர். ஒஸ்லோவுக்கு வந்து ஓய்வு பெறும்வரை தபால் கந்தோரில் கடிதம் தரம் பிரித்தவர். மனைவி காலமானபிறகு தனியே இருந்தார். மறதி மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. ஒருநாள் அவருடைய ஞாபகசக்தியைச் சோதிக்க எங்கள் தாதி ஒருத்தி வந்தாள். இது எந்த வருடம் என்று கேட்டாள். யன்னலைப் பார்த்தார். என்ன மாதம்? அதற்கும் யன்னலைத்தான் பார்த்தார். அங்கே பனி கொட்டியது. இந்த ஊரில் அது ஐந்து மாதத்துக்குப் பொதுவான விடை.

பிறகு திடீரென்று வெள்ளைக்காரன் தங்களுக்குக் கொடுத்த 1922ஆம் ஆண்டு அரசியல் யாப்பைச் சொல்லத் தொடங்கினார். மக்கள் தெரிந்தெடுக்க நாலே நாலு ஆசனம். லாகோசுக்கு மூன்று, கலபாருக்கு ஒன்று. சபையில் மற்றெல்லாரும் தேசாதிபதியின் அதிகாரிகளும் அவர் பார்த்து நியமித்தவர்களும். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. தாதி பாவம், என்னைப் பார்த்தாள்.

"இதுக்குப் புள்ளி போட என்ரை தாளில இடமே இல்லையே!" என்றாள். நோர்வேஜியத்தில்தான் சொன்னாள். என் காதில் இப்படித்தான் விழுந்தது.

பழகின கை

அவர் பாடம் நடத்த, நான் கீழே குந்தியிருந்து காலுறை மாட்டுவேன். சட்டநிரூபண சபை, நியமன அங்கத்தவர் என்றெல்லாம் யாழ்ப்பாணத்தில் சோதனைக்குப் பாடமாக்கி, மறுநாளே மறந்து தொலைத்தவள் நான். அது ஒரு கிழவரின் காலடியில் வந்து உதவுமென்று யார் கண்டது? "எங்களுக்கும் இதே கூத்துத்தான்" என்றேன். உங்கள் தேசாதிபதி யார் என்று ஒகோன் கேட்டார். கைபேசியில் தேடிப் பார்த்தால், அவர்களுக்கு அந்த யாப்பைக் கொடுத்த அதே துரைதான் சில வருடம் கழித்து இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்திருக்கிறார். எனக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்ததுபோல் ஒரே சந்தோசம். ஒகோன் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப எங்கட தலையில வெட்டிப் பழகின ஆளைத்தான் உங்களுக்கு முடிவெட்ட அனுப்பியிருக்கிறாங்கள், சிஸ்டர்!"

ஓம் அங்கத்தவர்

காலுறை பாதியில் நிற்க, என் தங்கச்சி தொலைபேசியில் வந்தாள். அவள் கதைத்தால் நமக்கு ஒரே வேலைதான்: "ஓம்... ஓம்... ஓமடி." அது என்ன சொல் என்று ஒகோன் கேட்டார். எங்கள் பாஷையில் சம்மதம் என்று அர்த்தம் என்றேன். "தேசாதிபதிக்குத் தலையாட்டின நியமன அங்கத்தவருக்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது" என்று அன்றைக்கே அவர்களுக்கு ஓம் அங்கத்தவர் என்று பெயர் வைத்துவிட்டார். கண்டவருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டும் திரிந்தார்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. இரண்டு தடவை அடுப்பை அணைக்காமல் விட்டார். ஒரு தடவை குளியலறையில் விழுந்தார். லோறென்ஸ்கூக்கில் இருக்கும் மகன் எட்டிம் நல்ல பிள்ளை. பயந்துபோய் வீட்டுச் சாவியைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டான். தகப்பனைப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவது பற்றிப் பேச நகரசபையிடம் கூட்டத்துக்கும் நாள் கேட்டான். அவர் தனியே இருப்பது ஆபத்து என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள், அவரை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கூட்டத்துக்கு முதல்நாள் ஒகோன் விரல் மடித்து எண்ணினார். மகன், டொக்டர், நகரசபை அதிகாரி, நான். எதிரே ஓர் ஆசனம், அவர். அவருடைய தாத்தாவுக்கு வருடம் நூறு பவுண் வருமானம் இல்லாததால் வாக்கில்லையாம். ஆனாலும் கலபாரின் அந்த ஓர் ஆசனத்துக்குத் தேர்தல் நடந்த அன்று, தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு வாக்குச்சாவடி வாசலில் பொழுதுபடும்வரை நின்றாராம்.

"நாளைக்கு நானும் ஓம் எண்டு சொல்லிவிடுறன், சிஸ்டர். தோற்கிறது தெரிஞ்ச வாக்கெடுப்பில என்னத்துக்குச் சத்தம்?"

காத்திருந்த பேனா

கூட்டம் அவருடைய வரவேற்பறையிலேயே நடந்தது. தோய்த்த சட்டை போட்டிருந்தார். பராமரிப்பு இல்லத்துக்குப் போகச் சம்மதமா என்று அதிகாரி அம்மா கேட்டார். ஒகோன் என்னை ஒருதரம் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

எனக்கு விளங்கியது. அதிகாரிக்கு விளங்கவில்லை. நோர்வேஜியத்திலும் ஏறத்தாழ இதே சத்தத்தில் ஒரு சொல் உண்டு. அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. 'இப்படி நடந்தால்' என்று நிபந்தனை தொடங்கும் சொல் அது. கிழவர் ஏதோ நிபந்தனை சொல்லப்போகிறார் என்று நினைத்து, அந்த அம்மா பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். எட்டிம் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். ஊர்ப்பட்ட வாய் படைத்த நானும் முதல்தடவையாக அர்த்தம் சொல்ல முந்தாமல் இருந்தேன்.

ஒகோன் அந்தப் பேனாவைப் பார்த்தார். தனக்காகத்தான் அது நிற்கிறது என்று விளங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை நல்ல நோர்வேஜியத்திலேயே தொடங்கினார்: "என் வீட்டுச் சாவி என் கையில் இருந்தால், ஒரு மாதம் போய்ப் பார்க்கிறேன். மாதம் முடிய என் மகனைக் கேட்காமல் என்னைத் திரும்பக் கேட்டால்."

அதிகாரி ஒரு சொல் விடாமல் எழுதினார். எட்டிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் சாவிக்கோர்வையிலிருந்து அந்தச் சாவியைக் கழற்றினான். தகப்பனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான். ஓம் என்ற சொல்லை அவர் மகனுக்கும் படிப்பித்திருக்கிறார், தெரிந்துகொண்டேதான் அவனும் வாயை மூடியிருந்திருக்கிறான் என்பது அவன் வாயைத் திறந்ததும்தான் எனக்குத் தெரிந்தது.

"ஓம், பப்பா" என்றான்.

இருபது வருடமாக ஆட்களுக்குக் காலுறை மாட்டுகிறேன். ஒருவர் ஓம் என்றதும் அடுத்த வேலையைப் பார்க்க ஓடாமல் கொஞ்சம் பொறுக்கவேண்டும் என்பதை மட்டும் பத்தொன்பதாவது வருடத்தில்தான் படித்தேன்.