வார்டுக்குப் போன பேனாக்கள்

எனக்குக் கல்யாணமானபோது என்னிடம் நான்கு மைப்பேனாக்கள் இருந்தன. ஐம்பதுகளின் கடைசி அது. நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. தமிழ் எழுத ஒரு கறுப்புப் பேனா. நிப் வழவழவென்று ஓடும், சுழிகளுக்குத் தோதானது. ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டிய பதிவேடுகளுக்கு மெல்லிய நிப் வைத்த அரக்குப் பேனா. சிவப்பு மை ஊற்றிய பச்சைப் பேனா நோட்டுத் திருத்துவதற்கு. சாம்பல் நிறத்தில் ஒன்று, கல்யாணத்துக்கு உடன் வேலை செய்தவர்கள் சேர்ந்து கொடுத்தது. அதற்கென்று தனி வேலை கிடையாது.

நான்கிலும் எப்போதும் மை இருக்கும். இந்த ஊர் வெக்கையில் ஒரு பேனாவை எழுதாமல் வைத்துவிட்டால் மை உள்ளேயே இறுகிவிடும். அப்புறம் உதறினாலும் தட்டினாலும் எழுதாது. அதனால் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கழுவி, பழைய துணியில் தலைகீழாக நிறுத்திக் காயவைத்து, மறுபடி மை ஏற்றுவேன்.

என் கணவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவர் தஞ்சோங் பகாரில், துறைமுக அலுவலகத்தில் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. காதில் செருகிய பென்சிலோடு வீட்டுக்கு வருகிற ஆள்.

"எங்க துறைமுகத்துல ஆளுங்களுக்குத்தான் ஷிப்ட் போடுவாங்க. நீ பேனாவுக்கே ஷிப்ட் போடுறியே" என்பார்.

அவர் அதிகம் பேசமாட்டார். சாப்பாடு, வேலை, பஸ், அவ்வளவுதான். ஜாலான் புசாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். மாமியார் எங்களோடு இருந்தார். பெண் குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கிய சமயத்தில் என் கணவருக்குத் தொண்டை கட்டியது. கசாயம் குடித்தார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். கட்டு விடவில்லை. இருமலும் சேர்ந்துகொண்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார்கள். நுரையீரலில் இருந்தது குரல்வளைக்கும் வந்திருந்தது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஊசி, மாத்திரை எல்லாம் நாங்க பார்த்துக்குறோம். அவர் பேசவே கூடாது. ரகசியமாகூடப் பேசக் கூடாது. தொண்டை ஆறணும். மாசக்கணக்குல ஆகும்."

அவரை ஆஸ்பத்திரியில் காசநோய் வார்டில் சேர்த்தார்கள். புதனும் ஞாயிறும் பார்க்கப் போகலாம். முதல் ஞாயிறு அவருக்கு ஒரு பென்சிலும் காகித அட்டையும் கொடுத்திருந்தார்கள். நான் கேட்க, அவர் எழுத. பென்சில் முனை அடிக்கடி மழுங்கியது. சீவுவதற்குப் பிளேடு வைத்துக்கொள்ள விடவில்லை. எழுத்து மங்கலாகத் தெரிய, நான் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் படித்தேன். கடைசியில் அவர் கோபத்தோடு பெரிதாக எழுதினார்: "உன் பேனா ஒன்று கொண்டு வா."

புதன்கிழமை கறுப்புப் பேனாவைக் கொண்டுபோனேன். தலையணையில் சாய்ந்துகொண்டு எழுதத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுவதை எழுதினார். கஞ்சியில் உப்பில்லை என்று எழுதினார். சிறுவயதில் கடலில் விழுந்த தன்னை ஒரு மலாய்ப் படகுக்காரர் தூக்கிக் கரையில் போட்டதை இரண்டு பக்கம் எழுதினார். கல்யாணமாகி இத்தனை நாளில் அந்தக் கதையை எனக்கு அவர் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு மணி அடிக்கிற நேரத்தில், "உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான்" என்று எழுதும்போது மை தீர்ந்துவிட்டது. பேனாவை வேகமாக உதறினார். மிச்சமிருந்த ஒரு சொட்டு வெள்ளை விரிப்பில் விழுந்து பரவியது. நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரன் அப்போது பார்த்து அந்தப் பக்கம் வந்தார். இனி வார்டுக்குள் மை பாட்டில் எதுவும் வரக்கூடாது என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். மணியும் அடித்துவிட்டது. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. "நான்" என்றால் என்ன? நான் பிழைக்கமாட்டேன் என்கிறாரா? நான் உனக்குப் பாரமாகிவிட்டேன் என்கிறாரா? வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டால்தான் நினைவு வரும்.

புதன்கிழமை இரண்டு பேனாக்களில் மை நிரப்பி எடுத்துக்கொண்டு ஓடினேன். "என்ன சொல்ல வந்தீங்க?" என்று நின்றபடியே கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்து யோசித்தார். பிறகு எழுதினார்: "நான் நெத்திலி சம்பல் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு. கொண்டு வர முடியுமா என்று பார்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகு ஒற்றைப் பேனாவோடு நான் போனதே இல்லை. கறுப்பும் அரக்கும் அங்கே இருந்தால் சாம்பல் வீட்டில் மை ஏறிக் காத்திருக்கும். தீர்ந்ததை எடுத்துக்கொண்டு நிறைந்ததைக் கொடுத்துவிட்டு வருவேன். பச்சைப் பேனாவையும் ஒருமுறை நீட்டினேன். "சிவப்பில் எழுதினால் எனக்கு நானே மார்க் போடுவது மாதிரி இருக்கிறது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

நாங்கள் சண்டையும் போட்டோம். அவர் எழுதுவார், நான் வாயால் பதில் சொல்வேன். வார்டு முழுக்க என் குரல் மட்டும் கேட்கும். விவாதத்தில் தோற்கிற மாதிரி இருந்தால் அவர் பேனா மூடியைத் திருகி மூடிவிடுவார். அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"மூடியைத் திறங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு மூடுங்க" என்று ஒருநாள் சத்தமாகவே சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர், லாரி ஓட்டுகிற தமிழர், "அந்தப் புள்ளை கேக்குதுல்ல, தெறந்து எழுதுங்கண்ணே" என்றார்.

எழுதிய காகிதம் எதையும் வெளியே கொண்டுவர முடியாது. வார்டிலேயே எரித்துவிடுவார்கள். பேனாவை மட்டும் நர்ஸ் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் கொடுப்பார். அந்த நர்ஸ் கத்தோலிக்கத் தமிழ்ப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பார். எல்லாரையும் போல நானும் அவரை மிஸ்ஸி என்றே கூப்பிட்டேன்.

வீட்டில் மாமியாருக்கு அந்தப் பேனாக்களைக் கண்டாலே பயம். குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயது. நான் பேனாக்களை உயரத்தில், அரிசி டின்னுக்கு மேல் வைத்திருந்தேன். ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பி வந்தபோது அடுப்பில் ஒரு சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நீல நிறத்தில் இருந்தது. உள்ளே சாம்பல் பேனா வளைந்து நெளிந்து கிடந்தது.

"அத்தை! என்ன செஞ்சிட்டீங்க?"

"கொதிக்கிற தண்ணியில போட்டாத்தான் கிருமி சாகும்மா. பஞ்சுல தொடைச்சா ஆச்சா?" என்றார் அவர். "அவன் அங்க கெடக்குறான். இந்தப் பச்சப் புள்ளைக்கும் வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவர் குழந்தையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வெளியே சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு டம்ளர் கோப்பி குடித்தோம்.

அடுத்த முறை போனபோது மிஸ்ஸியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார்.

"டீச்சர், பேனா வீட்டுக்கே போக வேணாம். இங்கேயே இருக்கட்டும். மை பாட்டில் என் அலமாரியில வைக்கிறேன். எங்க ரூம் சிங்க்ல வந்து நிரப்பிக்குங்க. வார்டுக்குள்ள மட்டும் பாட்டிலை எடுத்துட்டுப் போயிடாதீங்க. மேட்ரன் பார்த்தா தொலைஞ்சோம் லா."

இப்படிக் கறுப்பும் அரக்கும் மருத்துவமனைவாசிகள் ஆயின. சிராங்கூன் ரோட்டுக் கடையில் ஒரு புது பாட்டில் நீல மை வாங்கி மிஸ்ஸியிடம் கொடுத்தேன். வார்டுக்குள் நுழைவதற்கு முன் அந்த அறைக்குப் போய் இரண்டையும் கழுவி நிரப்புவேன். பச்சைப் பேனாவோடு ஒரு மலிவுப் பேனாவை வைத்துக்கொண்டு பள்ளி வேலையைப் பார்த்தேன். மாமியாரிடம் இதைச் சொன்னேன். அன்று மாலை தேக்கா சந்தைக்குப் போய் நெத்திலி வாங்கிவந்து, அவரே சம்பல் செய்து தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தார்.

மாதங்கள் போயின. அவருக்கு எடை ஏறியது. இருமல் நின்றது. ஒரு ஞாயிறு நான் போனபோது அவர் அட்டையையும் பேனாவையும் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் புரியவில்லை.

"பஸ்ல எடம் கெடைச்சுதா?" என்றார் என் கணவர்.

குரல் பழைய குரல் இல்லை. தகரத்தில் மணலைத் தேய்த்தது மாதிரி இருந்தது. நான் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். தினமும் ஐந்து நிமிடம் பேசலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். அதில் மிச்சத்தைக் குழந்தையைப் பற்றிக் கேட்டே தீர்த்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வீடு திரும்பினார். குழந்தை முதலில் அவரைக் கண்டு பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டது, பிறகு பழகியது. துறைமுகத்தில் இலேசான வேலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கறுப்புப் பேனாவின் நிப் அவர் சாய்ந்து எழுதியதில் ஒருபக்கம் தேய்ந்துபோய், என் கைக்கு ஒத்துவரவில்லை. அதை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் அவர் பழையபடி ஆகிவிட்டார். சாப்பாடு, வேலை, பஸ். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் சாப்பாடு எடுத்து வைக்கும்போது கேட்டேவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில பக்கம் பக்கமா எழுதினீங்க. இப்ப நாலு வார்த்தைகூட வரமாட்டேங்குதே, ஏன்?"

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எழுதுறப்ப முடிக்கிற வரைக்கும் நீ காத்துக்கிட்டு இருந்த. பேசுறப்ப நடுவுலயே நீ முடிச்சு வச்சிடுற" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, குழம்புக் கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அன்று காலையில் துறைக்கு வந்த ஒரு கப்பலில் ஏற்றிவந்த மாடுகளில் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு கிடங்குக்குள் ஓடியதைச் சொல்ல ஆரம்பித்தார். மெதுவாகத்தான் சொன்னார், நடுநடுவே தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் கதையில் மாட்டைப் பிடித்து முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிட்டது.