காற்றறியா உயிர்களின் காவலர்

இலங்கையில் போர் ஓய்ந்த பின்னர், சிலாபத்தில் களப்பு எனப்படும் கடற்காயலின் ஓரம் இருந்த தேங்காய்த்துருவல் ஆலையொன்றுக்குத் தொழிலாளர் கையேடு எழுதித்தரச் சென்றிருந்தேன். அங்கே கழிவுநீர்த் தொட்டியைப் பராமரித்தவர் வெண்தாடியும் மடித்துக் கட்டிய சாரமும் உடைய மெலிந்த முஸ்லிம் பெரியவர்; அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரை 'நானா' என்றே அழைத்தனர். காற்றுப் புகாத அத்தொட்டியினுள் நுண்ணுயிர்கள் கழிவை உண்டு எரிவாயுவாக மாற்றின. அதனைக் கடக்கும்போதெல்லாம் அவர் சுவரில் உள்ளங்கையை வைத்து, இளஞ்சூடு இருக்கிறதா என்று பார்ப்பார்.

அன்று வெளிநாட்டு வாங்குநர் வரவிருந்தனர். ஆலையைப் பளிச்சென்று காட்டும் ஆவலில் தரை முழுவதும் குளோரின் கொட்டிக் கழுவிவிட்டார்கள். அந்நீர் தொட்டியை எட்டுமுன் நானா சக்கரத்தைச் சுழற்றி, தொட்டிக்குச் செல்லும் குழாயை அடைத்தார். முற்றத்தில் நீர் தேங்கியது. மேலாளர் ஓடிவந்தார்.

"திறவுங்கோ நானா! அவங்க கேற்றடிக்கு வந்திட்டாங்க!"

"தொறந்தா உள்ளுக்கு ஈக்கிற அவ்வளவும் மவுத்தாகிரும் சேர், ஒரு உசிரும் மிஞ்சாது. பொறகு மாசக்கணக்கா ஒங்கட ஊத்தை களப்புக்குத்தான் போகும், மீனும் செத்துரும். வெயில்ல நெடி போகட்டும், நாளைக்குத் தொறக்கிறன்."

"கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கா இந்தப் பாடு?"

"எங்களுக்குத்தான் தெரியாது. படைச்சவனுக்குத் தெரியும்தானே."

மேலாளர் வாயிலை நோக்கி விரைந்தார். விருந்தினர் கணுக்காலளவு நீரில் நடந்து வந்தனர். அவர்களுள் ஒருவர் கைகுலுக்க முன்வந்தார். நானாவோ தலையை மட்டும் மரியாதையாகத் தாழ்த்தினார்; குழாயின் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. எண்ணிலடங்கா உயிர்களுக்கு ஒருவர் காவல் நிற்பதை வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்; என்னையறியாமல் நானும் தலை தாழ்த்தினேன்.