இரும்புக்குப் போட்ட சட்டை

இந்த நாட்டில் இரும்புக்குச் சட்டை போடுகிறார்கள். கப்பலேறி வந்து கேமரன் மலையில் இருபது வருடம் கழித்து, எழுபதுகளில், எங்கள் தேயிலை பேக்டரியில் அதைப் பார்த்து வாயில் கைவைத்து நின்றேன். ஓடும் பெல்ட்டைச் சுற்றிக் கம்பி வலை! நாமக்கல் பக்கம் எங்கள் ஊர் அரிசி மில்லில் பெல்ட் அம்மணமாகத்தான் ஓடும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வது நம் பாடு.

பேக்டரியில் என் நாத்தனார் பாக்கியத்துக்கு வேலை. இங்கேயே பிறந்தவள், குடியுரிமை உள்ள நீல அட்டைக்காரி. இலை காயவைக்கும் சூட்டு மெசினில் நிற்பதால் தொப்பி, மூக்குத்துணி, கனத்த துணிக் கையுறை எல்லாம் கொடுத்தார்கள். குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரி நான் மலையில் களைக்கு மருந்து அடித்தேன். முதுகில் பம்பு, வாயில் என் சொந்தத் துண்டு. பம்பு ஒழுகி நகமெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. நகம் போனால் கொழுந்துகூடக் கிள்ள முடியாது. சிவப்பு அட்டைக்காரிக்குத் தோட்டத்துக்கு வெளியே யார் வேலை தருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் கையுறையைத் துவைத்து, என் வாசலுக்கு நேராகக் கொடியில் போடுவாள். வயிறு எரியும்.

பேக்டரி மெசின்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் மலாய்க்கார அரசாங்க அதிகாரி வந்தபோது வழிமறித்து விரல்களை நீட்டினேன். வைத்தியம் கேட்கிறேன் என்று நினைத்து, "தானா ராத்தா ஆஸ்பத்திரி" என்று டவுன் பக்கம் அன்பாகக் கைகாட்டினார். முதுகுப் பம்பைத் தட்டிக் காட்டி, இதுவும் மெசின்தானே என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: "இனி பூன் மெசின் லா, துவான்!" சிரித்தார். அவர் சட்டம் பேக்டரிக் கதவோடு சரி என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி விளக்கினார்.

சாயங்காலம் பாக்கியம் வந்தாள்.

"அண்ணி, ஒரு கிளவுஸ் நீங்க போட்டுக்கிங்க லா. ஒத்தக் கையாச்சும் பொழைக்கட்டும்."

"ஒன் பழசு எனக்கெதுக்குடி? ரெண்டையும் நீயே மாட்டிக்கிட்டு மினுக்கு!"

"நீங்க பாக்குற பார்வையில அது கொடியிலயே கருகிருச்சு. பிடிங்க அண்ணி."

வாங்காத மாதிரி வாங்கிக்கொண்டேன். மறுநாள் வலக்கையில் மாட்டி, மற்றப் பெண்கள் பார்க்கட்டும் என்று கையைத் தூக்கியே நடந்தேன். துணி அல்லவா? ஒழுகிய மருந்தையெல்லாம் குடித்துவிட்டு நாள் முழுக்க என் கையைக் கட்டிக்கொண்டு கிடந்தது. எரிகிறது என்று தெரிந்தும் கழற்ற மனம் வரவில்லை. இரண்டு வாரத்தில் அந்தக் கை நகங்கள்தான் விழுந்தன. மருந்துப் பம்பை விட்டு, இடக்கையால் கொழுந்து கிள்ளப் பழகி வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பாக்கியத்துக்கு இன்றும் பத்து நகமும் பத்திரம். பார்த்தால் இன்றும் எரிகிறது, மறைப்பானேன்? சாமி முன்னால் கைகூப்பினால், ஊரிலிருந்து கொண்டுவந்த கை ஒன்று, இந்த நாடு சட்டை போட்டுவிட்ட கை ஒன்று. ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேர் போல ஒட்டி நிற்கின்றன.