கூஜாவும் வெள்ளை மங்குக் குவளையும்

ஆறு வயது மகளை நாற்பது பேர் நடுவில் பொய்க்காரி ஆக்கியவள் நான். அவள் சொன்னது உண்மை. பொய் சொன்னது நான்.

சபையாரே, உங்களுக்கு இது பிடிக்காது, தெரியும். வருடந்தோறும் அறுப்புப் பண்டிகையன்று என்னை முன்பெஞ்சில் உட்கார வைத்து, "சின்னக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாய் ஊழியம் செய்த அம்மா" என்று மாலை போடுகிறீர்கள். அந்த மாலையைப் பிய்த்து எறியலாம் போல இருக்கிறது எனக்கு! இருபது வருடமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்...

என் கணவர் உபதேசியார். மலாயாவில், சிரம்பானிலிருந்து லாபு வரை ரயில். அங்கிருந்து ரப்பர் பால்மரக் காட்டு வழியே மூன்று மைல் நடை. மூன்று வயது தானியேல் என் இடுப்பில், எஸ்தர் என் முந்தானையைப் பிடித்தபடி. அவர் கையில் வேதப்புத்தகம். என் கையில் என்ன இருந்தது? ஒரு பித்தளைக் கூஜா!

அதில் எங்கள் வீட்டுத் தண்ணீர். நாங்கள் போவது கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு. புறப்படும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பேன்: "லயத்துல யார் தண்ணி குடுத்தாலும் வாங்கக்கூடாது. தாகமில்லைன்னு சொல்லிடணும்." எஸ்தர் அதைப் பாடம் போல ஒப்பிப்பாள்.

வாந்திபேதிக்குப் பயந்திருப்பீர்கள் என்று எனக்காகப் பேச வருகிறீர்களா? வேண்டாம். அதே தோட்டத்தில், கணக்கு எழுதும் கிராணியார் வீட்டில், காய்ச்சாத கிணற்றுத் தண்ணீரை என் பிள்ளைகள் சொம்பு சொம்பாகக் குடித்தார்கள். லயத்துக்கும் அதே கிணறுதான்! கிராணியார் எங்கள் சாதி. லயத்தில் இருந்தவர்கள் எங்கள் ஊர் தள்ளி வைத்திருந்த சாதி. இவ்வளவுதான் விஷயம். கப்பலேறி வந்தோமே, இதை மட்டும் ஏன் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்தோம்?

அந்த லயத்தில் வள்ளியம்மாள் என்று ஒருத்தி. பால்மரம் வெட்டுகிறவள்; மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். மூவருக்கும் ஞானஸ்நானம் வேண்டுமென்று அவளாகவே வந்து பெயர் கொடுத்திருந்தாள். அடுத்த மாதம் பாதிரியார் வருவதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயாக் கொட்டகையில் கூட்டம். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. தகரக் கூரையில் வெயில் கொதித்தது. எஸ்தர் இரண்டு பாட்டுப் பாடினாள். பிறகு என் கணவர் எழுந்து, நாமெல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று பேசத் தொடங்கினார்.

வள்ளியம்மாள் எனாமல் பூசிய ஒரு வெள்ளை மங்குக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"புதுசுங்கம்மா. நேத்துதான் லாபு கடையில வாங்கினேன். இதுல யாரும் வாய் வைக்கல. பாப்பாவுக்குக் குடுக்கலாமுங்களா?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது! தெரிந்தும், எங்கள் மானம் போகாதபடி ஒரு வழி செய்து கொண்டுவந்திருந்தாள்.

எஸ்தர் குவளையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்ததைச் சொல்லியிருக்க வேண்டும்... ஆனால் குழந்தைக்குத் தொண்டை வறண்டிருந்தது.

"தாகமாத்தான் இருக்கு, அத்தை. ஆனா உங்க வீட்டுத் தண்ணி குடிக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க."

என் கணவர் தூக்கிய விரலோடு நின்று என்னைப் பார்த்தார். ஏதாவது செய் என்றது அந்தப் பார்வை.

செய்தேன். எஸ்தரின் கன்னத்தில் அறைந்தேன்.

"பொய்யா சொல்ற? நான் எப்படி அப்படிச் சொன்னேன்? பொய் சொன்னேன்னு சொல்லி அத்தைகிட்ட மன்னிப்புக் கேளு!"

அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான்... பொய் சொன்னேன்" என்றாள்.

"பாப்பாவ அடிக்காதீங்கம்மா. அது பொய் சொல்லல" என்றாள் வள்ளியம்மாள். குவளையை இப்போது என்னிடம் நீட்டினாள். "சரி, நீங்களே உங்க கையால குடுங்க."

கையை நீட்டினால் போதும். அவ்வளவுதான்! என் மகளின் தாகமும் தீர்ந்திருக்கும், நானும் மனுஷியாகியிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து கூஜாவின் மூடியைத் திருகினேன்.

அவள் தண்ணீரை வாசலில் ஊற்றினாள். குவளையைப் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் பிள்ளைகள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவள் வரவில்லை. பாதிரியாருக்கு அனுப்பும் அந்த மாத அறிக்கையில் என் கணவர், "மனம் கடினப்பட்டவள்" என்று எழுதினார். யாருடைய மனம்? எழுதும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

அவர் இப்போது இல்லை. பழியை அவர் மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்கலாம். ஆனால் கூஜாவை நிரப்பியது என் கை. அறைந்ததும் அதே கைதான்.

நீங்கள் மட்டும் என்ன? நம் சபைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இரண்டு குவளைகள் இருக்கின்றனவே, எதற்கு என்று ஒருவராவது கேட்டதுண்டா? எனக்கு மாலை போடும் கைகள் எந்தக் குவளையை எடுக்கின்றன என்று முன்பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்!

எஸ்தர் இப்போது சிரம்பானிலேயே பள்ளிக்கூட ஆசிரியை. அன்று நீ சொன்னது உண்மைதான் என்று ஒரே ஒரு வாக்கியம் அவளிடம் நான் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவளை நான் மன்னிப்புக் கேட்க வைத்தேன். இன்றுவரை நான் கேட்கவில்லை.

நேற்று மத்தியானம் வந்திருந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

"வேணாம்மா. தாகமில்லை."

என் வீட்டில் அவள் எப்போதும் அப்படித்தான் சொல்கிறாள். பொய் சொல்லாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.