வேலிக்காத்தான் கால்கள்

எண்பத்தாறாம் வருஷம் ராஜவேல் தன் கையாலேயே கட்டிய குடிசைக்கு அது மூன்றாவது மழைக்காலம். மரக்காணத்து உப்பளக் கூலிக்குத் தேக்கா கிடைக்கும்? நான்கு மூலைக்கும் வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேலங் கால்தான்.

"அடுப்புல வைக்கிற கட்டையில எவனாச்சும் வூடு கட்டுவானா? கூனிக் கெழவியாட்டம் வளைஞ்சி நிக்குது!" பால் காய்ச்சிய அன்றே மாமியார் ஞானாம்பாள் ஊரெதிரில் கேட்டுவிட்டாள். ரோஷத்தில் வாசல்மூலைக் காலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அம்பு மாதிரி நேரான ஒன்றை வெட்டிவந்து நட்டான். வேலிக்காத்தானில் இளசுதான் நேராக இருக்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை. பிடுங்கிய பழைய கால், தலையில் கவையாய்ப் பிரிந்த கட்டை, வாசலில் உட்காரக் கிடந்தது.

இப்போது புயல். உள்ளே பெண்டாட்டி பொன்னி, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி; பிரசவத்துக்கு வந்திருந்த ஞானாம்பாளும். கூனிமேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடலாமென்றால் உப்புப் பாத்திக் கரைகளின் மேல் இடுப்பளவுத் தண்ணீர்.

"மாப்ள, கால் அடியெல்லாம் காளான் பூத்துக் கெடக்குது. கொழந்தையத் தூக்கிக்கினு போயிடலாம்" என்றாள் ஞானாம்பாள்.

"எங்க போறது அத்தே, வெள்ளத்துலயா?"

ஒரு காலின் அடியில் கத்தியைச் செருகினான். ஈரப் புட்டு மாதிரி உதிர்ந்தது. விரலளவு போனதும் 'ணங்'கென்று நின்றது. உள்ளே செம்பழுப்பாய் வைரம் பாய்ந்த நடுமரம்! காளான் வெளிமரத்தைத் தின்றுவிட்டு, வைரத்தில் பல் பதியாமல் நின்றிருந்தது. அடுத்த காலும் அப்படியே. அதற்கடுத்ததும்.

வாசல்மூலை நேர்க்காலில் கத்தி பிடிவரைக்கும் போனது. இளசு, வைரமே பாயவில்லை.

"பொன்னி, கொழந்தையோட பின்மூலைக்குப் போ!" உத்திரத்துக்குத் தோள் கொடுத்தான். காற்றின் அடுத்த வீச்சில் நேர்க்கால் அடியோடு முறிந்தது. பாரம் முழுக்க அவன் தோளில். "அத்தே, வாசல்ல கெடக்குதே, அந்தக் கட்டை!"

ஞானாம்பாள் மழையில் இறங்கி அதை இழுத்து வந்தாள். மேலெல்லாம் மக்கி உதிர்ந்து வைரம் மட்டும் மிஞ்சியிருந்தது. அம்மிக்கல்லின் மேல் நிறுத்தித் தள்ளினாள். கவையில் உத்திரம் உட்கார்ந்தது. ராஜவேல் தோளை விடுவித்துக்கொண்டு கயிற்றைச் சுற்றினான்.

"கட்டிட்டேன் அத்தே, விடுங்க."

"போ மாப்ள. கூனிக் கெழவிய கூனிக் கெழவிதான் புடிச்சிக்கணும்."

காற்று இன்னொரு தடவை மோதியது. கூரை முனகியது, இறங்கவில்லை. ஞானாம்பாள் கட்டையைக் கட்டிக்கொண்டே நின்றாள்.