கேக் மாஸ்டரின் இரட்டை மாத்திரை

கேக் மாஸ்டர் குறட்டை விடுகிறார் என்று சொல்வது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். அது கிளம்பும், ஏறும், உச்சத்தில் சட்டென்று நின்றுவிடும். நிற்கிற இடத்தில்தான் அவர் மனைவிக்கு உயிர் போகும். மறுபடி மூச்சு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். காலையில் அவர் சுகமாகச் சோம்பல் முறிக்கும்போது அவள் கண் சிவந்திருக்கும்.

அவளுக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. ஒருநாள் கவுண்டரில் கண்ணசந்து, மாமியார் வீட்டுக்குப் போகவேண்டிய ஒருவரை நேரெதிர்த் திசைக்கு அனுப்பிவைத்தாள். அவர் புகார் செய்யவில்லை, மாமியார்தான் செய்தார். இன்னொரு தடவை தூங்கினால் வேலை இருக்காது என்றார் மேலதிகாரி.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. டாக்டரிடம் ஓடினார்.

"கழுத்துக் கொழுப்பு மூச்சை அமுக்குது. முதல்ல எடையைக் குறைங்க."

எண்ணெய், வெண்ணெய் குறைத்த சாப்பாடு. கூடவே கொழுப்பைத் தடுக்கிற மாத்திரை, வேளைக்கு ஒன்று.

இங்கேதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. மாவு கூடினால் ஈஸ்ட்டும் கூடவேண்டும் என்பது அவர் கைக்குப் பழகிய நியாயம். பெரிய ஆர்டர் ஒன்றுக்கு வெண்ணெய் க்ரீம் அடித்த அன்று, ருசி பார்க்கும் கடமையைக் கிண்ணம் கிண்ணமாக நிறைவேற்றிவிட்டு, அதற்குத் தக்கபடி இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டார்.

மறுநாள் மாவு மூட்டையைத் தூக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். வெள்ளைக் கால்சட்டையின் பின்புறம் மஞ்சளாக எண்ணெய் படர்ந்திருந்தது. இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுவரோடு சுவராக மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

நடந்ததைக் கேட்ட கடைக்கார அம்மா சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தாள். "மாஸ்டர், தின்ற கொழுப்புல மூணுல ஒரு பங்கை உடம்புல சேரவிடாம வெளிய தள்ளும், அவ்வளவுதான். ரெண்டு போட்டா கூடுதலா தள்ளாது. வெண்ணெயை வெளுத்துக் கட்டினா உங்க மானத்தைத்தான் தள்ளும்."

சாயங்காலம் அவரே கால்சட்டையைத் துவைப்பதை மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, சூரியன் மேற்கே உதிச்சிடுச்சா?"

சொன்னார். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே சோப்பைப் பிடுங்கினாள்.

"எனக்காகவா இந்தக் கூத்து?"

"உன் வேலை போயிடுமேம்மா."

"போனாப் போகுது. நீங்க ஒழுங்கா மூச்சு விடுங்க, அது போதும். நாளையிலேருந்து க்ரீமை நான் ருசி பார்க்கறேன்."

அவள் ருசி பார்த்த லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். எதை நீட்டினாலும் "நல்லாருக்கு". சர்க்கரை போட மறந்த க்ரீமும் நல்லாயிருந்தது. அதுவரை கையளவையே நம்பிய மாஸ்டர் வேறு வழியின்றித் தராசுக்குத் தலைவணங்கினார். வேகவைத்த காய், வேளைக்கு ஒரே மாத்திரை என்று மாதங்கள் போயின. பெல்ட்டில் புது ஓட்டைகள் விழுந்தன. மூச்சு நிற்பது குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் காலை அலாரம் அடித்தது. அவள் அசையவில்லை. வாயை லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கினாள். மாஸ்டர் அலாரத்தை அமுக்கிவிட்டு, பூனைபோல வெளியே வந்து மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், அவ இன்னிக்கு லீவு."

"என்ன உடம்புக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தூங்கறா சார்."

மறுமுனையில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"வீட்டுலதானே? தூங்கட்டும்."