தண்ணீர் கேட்காதவர்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு பாலிடெக்னிக்கில் டிசைன் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்காரத் தெரியாத ஆள் நான். கையில் பேனா இருந்தால் எதையாவது வரைந்துகொண்டேயிருப்பேன். எங்கள் தெருக்காரர்கள் பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலை அருகே, கிரிவலப் பாதையை ஒட்டித் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். நானும் போய் டம்ளர் நீட்டுவேன்.

அந்தப் பங்குனிப் பௌர்ணமியன்று எங்கள் பந்தலுக்கு முன்னாலேயே கூட்டம் நெருக்கியடித்து, ஒரு பெண்மணி கீழே விழுந்துவிட்டார். வலது கை முறிந்துவிட்டது. அடுத்து வருவதோ சித்ரா பௌர்ணமி, ஊரே கொள்ளாது. "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா பந்தலே கிடையாது" என்று போலீஸ்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். பந்தல் போனால் போகட்டும், அடுத்து விழுகிறவர் எழுந்திருக்காமலே போய்விட்டால்? அந்த நினைப்பு என்னைப் பிடுங்கித் தின்றது.

வரைய ஆரம்பித்தேன். தண்ணீரை எப்படி வேகமாகக் கொடுப்பது? இதுதான் கேள்வி. டிரம்முக்கு இன்னொரு குழாய் வைத்தேன். பிறகு நீளமான பைப்பில் வரிசையாகக் குழாய்கள். வகுப்பில் கியர் பற்றிப் பேசிக்கொண்டே கரும்பலகை ஓரத்தில் குழாய் வரைந்தேன். பிள்ளைகள் அதையும் நோட்டில் வரைந்துகொண்டார்கள், பாவம். ஆனால் எதை வரைந்தாலும் ஓரிடத்தில் முட்டியது. பொது டம்ளரில் நம் ஜனங்கள் வாய் வைக்க மாட்டார்கள். நின்று, அண்ணாந்துதான் குடிப்பார்கள். எத்தனை குழாய் வைத்தாலும் அந்த நிற்பதை நான் எப்படி வேகப்படுத்துவது?

எலக்ட்ரிக்கல் பிரிவில் என் நண்பர் ஒருவர் இருந்தார். படங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் ஒரே கேள்விக்குத்தான் பதிலா இருக்குது மேடம். கேள்வியை மாத்திப் பாருங்களேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மாணவர்களுக்கு நான் தினமும் ஓதுகிற பாட்டு அது. மாற்று என்று சொல்வது சுலபம், எதை வைத்து மாற்றுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கை முறிந்த பெண்மணியைப் பார்க்க வேங்கிக்கால் போனேன். பள்ளிக்கூட டீச்சர். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். "தண்ணிக்கு ரொம்ப நேரம் நின்னீங்களா டீச்சர்?" என்று கேட்டதும் அவருக்கு வந்ததே கோபம்.

"நான் எங்கங்க தண்ணி கேட்டேன்? பையிலயே பாட்டில் இருந்துச்சு. நான் பாட்டுக்குப் போயிட்டிருந்தேன். முன்னால நின்னவங்க நகரல, பின்னால வந்தவங்க நிக்கல. நடுவுல மாட்டுனது நானு. உங்க ஆளுங்க வேற வாங்க, வாங்கன்னு கூவிட்டே இருந்தாங்க!"

இத்தனை நாளும் தாகத்தோடு இருந்தவர்களுக்காகவே வரைந்துகொண்டிருந்தேன். அடிபட்டவருக்குத் தாகமே இல்லை. இன்னும் பத்துக் குழாய் வைத்திருந்தால் இன்னும் கூட்டத்தை இழுத்து, இன்னும் நாலு பேரைத் தள்ளிவிட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து புதுத்தாளில் எழுதினேன்: தண்ணீர் வேண்டாதவர் எங்களை எப்படித் தாண்டிப் போவார்? எழுதியதுதான் தாமதம், யோசனைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. கூவி அழைப்பதை நிறுத்தலாம், கயிறு கட்டி வழி பிரிக்கலாம், பந்தலையே ரோட்டோரத்திலிருந்து எடுத்துவிடலாம்! பந்தலுக்குப் பின்னால் வேர்க்கடலை நிலம் ஒன்று இருந்தது. நிலத்துக்காரரைக் கேட்டதற்கு, "மல்லாட்டை புடுங்கியாச்சு, தாராளமா போட்டுக்குங்க" என்றார்.

பந்தல் குழுத் தலைவர்தான் மசியவில்லை. "தேடி வந்து குடிச்சா அது பந்தலாம்மா? கடை. தண்ணின்னா நாமதான் கூப்ட்டு குடுக்கணும்" என்றார். நான் டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டே, "ஜனம் வரலைன்னா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

சித்ரா பௌர்ணமி மாலை. நிலத்தின் உள்ளே டிரம்கள், போக ஒரு வழி, வர ஒரு வழி. பாதையோரத்தில் அம்புக்குறி போட்ட தட்டி மட்டும். கூட்டம் வெள்ளமாக வந்தது. ஒருவரும் உள்ளே திரும்பவில்லை. நிரப்பி வைத்த டம்ளர்கள் அப்படியே இருந்தன. தலைவர் என்னையே பார்த்தார். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். கடைசியில் ஒரு குடும்பம் திரும்பியது. நம் ஊரில் ஒருவர் திரும்பினால் போதாதா? பின்னாலேயே சாரை சாரையாக வந்தார்கள். மண்கட்டிகள் மேல் நின்று நிதானமாக அண்ணாந்து குடித்தார்கள்.

நான் அவர்களைப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் தூங்குகிற குழந்தையோடு ஒருவர் வந்தார். எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. யாரும் அவர்மேல் இடிக்கவில்லை, குழந்தை கண் விழிக்கவில்லை, அவர் பாட்டுக்கு நடந்து போய்விட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்றும் யாருக்காவது நல்லது செய்யக் கிளம்பினால், அதைக் கேட்காத ஒருவர் அந்த வழியே நடந்து வருகிறாரா என்று பார்த்துவிடாமல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.